ஓம் என்ற பொத்தான்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எங்கள் மேல்மாடியின் இரண்டு அறைகளுக்கும் ஆட்கள் வந்தால் என் கணவர் ஊரோடு இருப்பார். வராவிட்டால் கட்டாருக்கு வேலைக்குப் போவார். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு. இணையத்தளம் செய்வது என் தொழில். ஊரில் அரைவாசிக் கடைகளுக்குச் செய்துகொடுத்தவளுக்கு, இரண்டு அறைகளுக்கு ஒரு தளம் செய்வது ஒரு வேலையா என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

கணினியில் அது அழகாக இருந்தது. மேலே கோணேசர் கோயில் படம், கீழே அறைகள், கடைசியில் ‘அறை வேண்டுமா?’ என்ற கேள்வி. அதன் கீழ் ‘ஓம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெட்டிகள். போனின் ஒடுங்கிய திரையில் கேள்வியும் பெட்டிகளும் இடித்ததால் அவற்றை எடுத்துவிட்டு, ‘ஓம்’ என்பதை மட்டும் நடுவில் பெரிதாக, மஞ்சளில் வைத்தேன். அக்கம்பக்கத்தார் எல்லாரும் தங்கள் போன்களில் அழுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பிழை தெரியவில்லை.

இந்தியாவிலிருந்து ஆட்கள் தளத்துக்கு வந்து பார்ப்பது கணக்கில் எனக்குத் தெரிந்தது. பக்கத்தின் கடைசி வரை வருவார்கள், போய்விடுவார்கள். படங்களைச் சுருக்கினேன், எழுத்தைப் பெருப்பித்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

“இன்னும் ஒரு கிழமை பொறுங்கோவன்,” என்று கணவரிடம் கெஞ்சினேன்.

“இனி ஏலாதப்பா. ஏஜென்சியில பாஸ்போட்டைக் குடுத்திட்டன்,” என்றார் அவர்.

அவர் விமானம் ஏறிய பிறகுதான் மதுரையிலிருந்து ஒருவர் அழைத்தார்.

“மேடம், எல்லாம் நல்லா இருக்கு. கடைசில ஓம் போட்டு முடிச்சிருக்கீங்க. ரூம் எங்க புக் பண்றது?”

“அந்த ஓமைத்தான் அழுத்த வேணும்.”

“சாமி எழுத்தையா?”

எங்களுக்கு அது சம்மதம். அவர்களுக்கு அது மந்திரம். கோயில் படத்தைப் பார்த்து, கடைசியில் ஓமையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் பாவங்கள். ‘பதிவு செய்க’ என்று மாற்றினேன். அந்தக் கிழமையே இரண்டு அறைகளும் நிறைந்தன. சந்தோஷப்பட முடியவில்லை. சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மதுரைக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கியதும், “சார் இல்லைங்களா?” என்று கேட்டார்.

“அவர் வெளியில போயிட்டார்,” என்றேன். வெளிநாட்டுக்குப் போனவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“பரவால்லம்மா. வரட்டும், இருந்து பார்த்துட்டே கோயிலுக்குப் போறோம்,” என்று அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.