மகோரோக்கு வெட்டிய தலை

நாடக நடிகர்களின் படங்களை மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்கும் எங்கள் பட்டறையில் மகோரோக்கு அவர்களின் தலையை மட்டும்தான் செதுக்குவான். உடை, விசிறி, வாள் எல்லாம் மற்றவர்கள் பாடு. முடியை முடி கனத்துக்கே செதுக்குவான், அது உண்மை. அதற்காக அவன் வைத்திருந்த திமிரை எடோ நகரம் முழுக்கப் பங்கு போட்டாலும் வீட்டுக்கு ஒரு கூடை வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையில் மை பூசித் தாளைத் தேய்த்து அச்செடுக்கிறவன். இருபது வருஷமாக அனுபவிக்கிறேன்.

அவனுக்குச் சாமி ஒன்றுதான்: நடிகர் ஹந்தாயு. அவர் மேடையில் தும்மினாலும் இவன் கண் கலங்குவான். இளைய நடிகர் கிகுமாட்சுவின் பேரைச் சொன்னால் துப்புவான்.

வசந்தகால நாடகத்தில் ஹந்தாயுவுக்கு வில்லன் வேடம். அவர் படத்துக்கான பலகையைச் செதுக்கி முடித்து, நாடகம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, அவர் கொட்டகைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். வேடம் கிகுமாட்சுவுக்கு.

பதிப்பாளர் சோஹேய் பலகையோடு வந்தார். "தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு, அங்க புதுக் கட்டை வச்சு கிகுமாட்சுவைச் செதுக்கு. உடம்பு அப்படியே இருக்கட்டும்."

"அவர் தலையை நான் வெட்டணுமா முதலாளி?"

"மரம்டா அது. முடியாதுன்னா எழுந்திரு. உன் இடத்துக்கு வாசல்ல நாலு பேர் நிக்கிறான்."

"வெட்டுப்பா," என்றேன் நான். "ரத்தம் வந்தா துடைச்சு விடறேன்."

"நீ மூடிக்கிட்டு மையைத் தேய்."

வெட்டினான். ஓவியர் அவசரத்தில் வரைந்து அனுப்பிய கிகுமாட்சு முகம் கட்டைவிரல் அளவு. மிச்சத்தை இவன் வன்மம் நிரப்பியது. மூக்கு கத்தரிக்காய் ஆனது. தாடை தொங்கியது. முழி பிதுங்கியது. முதலாளிக்கு உற்றுப் பார்க்க நேரமில்லை. ஈரம் காய்வதற்குள் படங்கள் கடைக்குப் போய்விட்டன.

"ஊரே சிரிக்கும் பாரு," என்றான்.

"உன் வேலை போகும்."

"போகட்டும்."

நாடகம் தொடங்கிய மறுநாள் கிகுமாட்சுவே படத்தோடு வந்து நின்றார். மகோரோக்கு உளிகளைத் துணியில் சுருட்ட ஆரம்பித்தான்.

"இந்த மூஞ்சியைச் செதுக்கினது யாரு?"

"நான்தான்."

"இத்தனை நாளா என்னைப் பொம்மை மாதிரியே போட்டானுங்க. இதைப் பார்த்துத்தான் வில்லன் எப்படி முழிக்கணும்னு எனக்கே புரிஞ்சுது. முதலாளி, இனிமே என் முகம் இவர் கையாலதான்."

வருஷத்துக்கு ஆறு நாடகம், ஆறு கிகுமாட்சு. சமாதானமாகித் திரும்பிய ஹந்தாயுவின் தலை வேறொருவனிடம் போய்விட்டது, மகோரோக்குக்கு நேரமில்லையாம். கிகுமாட்சு வாரம் ஒருமுறை வந்து, அவன் முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு உட்காருகிறார்.

"போன தடவை மூக்கு கொஞ்சம் சிறுத்துப்போச்சு அண்ணே."

மகோரோக்கு பெரிதாக்குகிறான்.