அம்மா சொன்ன ‘கிறுகுது’

“அறிகுறி வந்தால் பார்ப்போம்.” இந்த மூன்று சொற்களை எதிர்த்து எந்த மேடையிலும் வாதிட நான் ஆயத்தம். பள்ளிக்கூடக் காலந்தொட்டு இன்றைய பல்கலைக்கழக நாட்கள் வரை எத்தனையோ தலைப்புகளில், எனக்குக் கொடுக்கப்பட்ட பக்கத்தில் நின்று பேசி வென்றிருக்கிறேன். பக்கத்தை நானே தெரிந்தெடுத்த தலைப்பு இது ஒன்றுதான். இதற்கு மேடை கிடைக்கவில்லை. நடுவரும் கிடைக்கவில்லை. நேரம் முடிந்ததென்று மணி அடிக்க மட்டும் ஆள் இருந்தது.

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நுரையீரலுக்குப் பரவிய பிறகு இது இரண்டாவது ஆண்டு. நாங்கள் வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்தில் இருப்பவர்கள். ஊர் வயல்வெளியான வட்டையில் எங்களுக்குச் சிறு வயல் உண்டு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே அதைச் செய்கிறார்கள். மருந்து ஏற்றும் கிழமையைத் தவிர மற்ற நாட்களில் வயலைப் பார்க்காமல் இருக்க அம்மாவால் முடியாது. மாதம் ஒருமுறை, பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போவோம். எந்த ஆசுபத்திரி என்று சொல்லப் போவதில்லை. என் வழக்கு ஒரு கட்டடத்தோடு அல்ல.

அம்மாவின் நோய் மூளைக்குப் போகும் நாட்டம் கூடிய வகை என்று சொன்னவர் அந்தக் கிளினிக்கின் டொக்டரேதான். வேறு மாவட்டத்துக்காரர், நிதானமானவர், நோயாளி உள்ளே வந்தால் நிமிர்ந்து முகம் பார்ப்பவர். அவர் அப்படிச் சொன்ன அன்றே நான் கேட்டேன்.

“அப்ப மூளைய ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பாக்க ஏலாதா டொக்டர்?”

“தலையிடி இருக்கா?”

“இல்ல.”

“சத்தி எடுக்கிறது? பார்வை மங்குறது? வலிப்பு?”

“இல்ல.”

“அப்ப இப்ப தேவையில்ல. அறிகுறி வந்தால் பார்ப்போம்.”

நான் விடவில்லை. நுரையீரலை மட்டும் இருமல் இல்லாமலே மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறீர்களே, கழுத்துக்குக் கீழே ஒரு நீதி, மேலே ஒரு நீதியா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“நல்லாக் கதைக்கிறீங்க, தங்கச்சி.”

பிறகு பொறுமையாக விளக்கினார். அறிகுறி இல்லாதவர்களின் மூளையை முன்கூட்டிப் பார்ப்பதால் ஆயுள் நீளும் என்று இன்னும் உறுதிப்படவில்லை. படத்தில் ஏதாவது ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால், அது நோயா இல்லையா என்று தெரியாமலே ஒரு குடும்பம் மாதக்கணக்கில் நித்திரை இழக்கும். இருக்கும் ஒரு மெஷினுக்கு முன்னால் பாரிசவாதக்காரரும் விபத்தில் அடிபட்டவர்களும் வரிசையில் கிடக்கிறார்கள்.

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. பொய்யை மறுப்பது இலகு. ஆனால் உண்மையைச் சொன்னவரிடம் நான் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருந்தது. அறிகுறி வந்தால் பார்ப்போம் என்கிறீர்களே, வந்த அறிகுறி உங்களிடம் எப்படி வந்து சேரும்? காய்ச்சலை அளக்கக் கம்பி இருக்கிறது, இரத்தத்தைச் சோதிக்கக் குழாய் இருக்கிறது. மூளையின் அறிகுறி நோயாளியின் வாயிலிருந்து சொல்லாகத்தான் வர வேண்டும். அந்தச் சொல் யாருடையது? அது விளங்காத காதில் விழுந்தால் என்ன ஆகும்?

கேட்டிருந்தாலும் அன்று எனக்கே பதில் தெரிந்திராது.

வேளாண்மை, கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நின்ற நாட்களில் அம்மா வரம்பிலிருந்து சேற்றுக்குள் விழுந்தார். மறுநாளும் விழுந்தார். சேலையின் இடப்பக்கக் கரை முழங்கால் வரை சேறாகி வந்து நின்றவரை அப்பா வாசலில் மறித்தார்.

“என்ன கா, காலங்காத்தாலயே போட்டுட்டு வாறாய் போல?”

“நான் குடிக்கத் தொடங்கினா உங்களுக்கு மிச்சம் இரிக்காது. வழிய விடுங்க.”

மூவரும் சிரித்தோம். சேலையை அலசிக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னார்: “நடக்கக்குள்ள கிறுகுது மகள். கிளினிக்கில ஒருக்காச் சொல்லு.”

எங்கள் ஊரில் ‘கிறுகுவது’ என்றால் திரும்புவது. பஸ் சந்தியில் கிறுகும். கூப்பிட்டால் ஆள் கிறுகிப் பார்க்கும். நானும் பதினான்கு வயது வரை அப்படித்தான் பேசினேன். வேறு மாவட்டத்தில் நடந்த ஒரு விவாதப் போட்டியில், “எதிரணியினரே, சற்றுக் கிறுகிப் பாருங்கள்” என்று முழங்கிவிட்டு, மண்டபம் ஏன் சிரிக்கிறது என்று தெரியாமல் நின்றேன். அன்றோடு அந்தச் சொல்லை நாக்கிலிருந்து துடைத்தேன். கூடவே ‘மறுகா’வையும் துடைத்து, அந்த இடத்தில் ‘பின்னர்’ என்று வைத்தேன். ஊர்ச் சொல்லைக் கேட்ட உடனே ஏட்டுச் சொல்லாக மாற்றிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் அம்மா வாயைத் திறக்குமுன், ‘கிறுகுது’வைக் கிறுகிறுப்பு என்று எடுத்துக்கொண்டு நான் முந்திக்கொண்டேன்.

“அம்மாவுக்கு இடைக்கிடை தலைச்சுற்று ஏற்படுகிறது, டொக்டர்.”

அவர் இரத்தம் சோதித்தார். மருந்து ஏற்றுபவர்களுக்கு இரத்தம் குறைவது வழமை, அம்மாவுக்கும் குறைந்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்ப வேண்டாம் என்றார். தலைச்சுற்று என்ற சொல்லுக்கு அது சரியான மருத்துவம். அதற்கடுத்த மாதமும் நான் அதையே சொன்னேன். அவரும் அதையே எழுதினார்.

மூன்றாவது மாதம். வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்குப் பக்கத்தில் காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு அம்மா. அவருக்கும் இதே நோய், இதே நாள் கிளினிக். நான் அடுத்த போட்டிக்கான குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் கதைப்பது காதில் விழுந்தது.

“உங்களுக்கு இப்ப எப்பிடி, தங்கச்சி?”

“நோவு ஒண்டும் இல்ல. நடக்கக்குள்ளதான் கிறுகுது.”

“தலையா?”

“தலை இல்ல கா. நான்தான் கிறுகுறன். நேராத்தான் காலை வைக்கிறன், அது இடக்கைப் பக்கமாப் போகுது. வரம்பில எத்தின தரம் விழுந்திட்டன். கோப்பைய இடக்கையால எடுத்தாலும் தேத்தண்ணி ஊத்துண்டு போகுது.”

“அத டொக்டருக்கிட்டச் சொல்லல்லயா?”

“மகள் சொன்னவ.”

“என்னெண்டு சொன்னா?”

“அது எனக்கென்ன தெரியும். நல்ல தமிழில சொன்னவ.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் புள்ள, வருத்தம் உம்மாக்கு, பேச்சு உங்களுக்கா? இது மேடையா? மைக்க அவக்கிட்டக் குடுங்க.”

வாங்கிலிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். என் காது சுட்டது. குறிப்புகளை மூடிவைத்தேன். தலை இல்ல கா, நான்தான் கிறுகுறன்.

எங்கள் இலக்கம் வந்ததும் உள்ளே போனோம். டொக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“நான் நடந்து காட்டட்டா டொக்டர்?” என்றார் அம்மா.

மேசையிலிருந்து நிறை பார்க்கும் மெஷின் வரை பத்தடி இருக்கும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வரம்பில் நடப்பதுபோல் ஒரு காலுக்கு முன் மறு காலை வைத்தார். நான்காவது அடியில் இடப்பக்கம் சாய்ந்து மறைப்புச் சீலையைப் பிடித்துக்கொண்டார். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். தான் நீட்டிய விரலையும் அம்மாவின் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொன்னார். அம்மாவின் வலக்கை போய் வந்தது. இடக்கை, காற்றில் எதையோ தேடுவதுபோல் அலைந்தது.

“இதத்தானா தலைச்சுற்று எண்டு சொன்னீங்க?” என்று என்னைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. எந்த நடுவரும் எனக்கு அவ்வளவு குறைந்த புள்ளி போட்டதில்லை.

என் தவறை நான் மறைக்கவில்லை. அதை முழுவதும் என் தலையில் ஏற்றிக்கொள்ளவும் மறுக்கிறேன். மகளின் செருக்கில் சிக்கி இரண்டு மாதம் நின்றுபோகக்கூடிய ஒரு ஏற்பாட்டை, ஏற்பாடு என்று எப்படி ஏற்பது? மகள் இல்லாமல் தனியே வருபவர்கள் எத்தனை பேர்? டொக்டர் கேட்டால் “சுகம் ஐயா” என்பதையே மரியாதை என்று நினைப்பவர்கள் எத்தனை பேர்? ‘அறிகுறி வந்தால்’ என்ற விதி, தன் உடம்பை ஏட்டு மொழியில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கும், சொன்ன மறுநாளே மெஷினுக்குள் படுக்க முடிந்தவருக்கும் பொருந்தலாம். எங்களுக்கு அறிகுறி வந்த பிறகுதான் வரிசையே தொடங்கியது. அவசரம் என்று எழுதி, டொக்டர் தானே தொலைபேசியில் கதைத்து, தலைக்குள் வீக்கம் குறைய மாத்திரையும் தந்து அனுப்பினார். அதற்குப் பிறகும் மூன்றாவது கிழமையில்தான் ஸ்கேனுக்குத் திகதி கிடைத்தது. அந்த மூன்று கிழமையும் கிணற்றடிக்கு நானோ அப்பாவோ இல்லாமல் அம்மாவைப் போக விடவில்லை. முன்கூட்டிப் பார்ப்பதால் பயன் உண்டென்று உறுதிப்படவில்லை என்றால், எங்களைப்போன்றவர்களின் மூளையைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். பாராமல் இருந்துவிட்டு, பயன் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள்.

படத்தில் சிறுமூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி பெரிதாக, வேறிடத்தில் இரண்டு சிறிதாகத் தெரிந்தன. பெரியது கொஞ்சக் காலமாகவே வளர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். கதிர்ச் சிகிச்சைக்கு முகத்தின் மேல் வலைபோன்ற ஒரு மூடியை அச்செடுத்து, தலை அசையாமல் மேசையோடு பூட்டினார்கள். வெளியே வந்த அம்மாவின் கன்னமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். “மீன் வலையில பட்ட மாதிரி இரிக்கனா?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

சிகிச்சை முடிந்து சென்ற முதல் கிளினிக்கில் டொக்டர் கொப்பியில் எழுதினார்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூளைக்கு ஸ்கேன்.

“அறிகுறி ஒண்டும் இல்லாட்டியுமா?” என்று கேட்டேன்.

“ஓம். இனி அப்பிடித்தான்.”

எனக்குப் பேச நிறைய இருந்தது. அம்மா முந்திக்கொண்டார்.

“வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போன மறுகா வரம்பு கட்டுறீங்க, டொக்டர்.”

அவர் திகதியை எழுதிக் கொப்பியை அம்மாவின் கையிலேயே கொடுத்தார்.

அம்மாவின் நடை இப்போது ஓரளவு நேராகிவிட்டது. வயலுக்கு அப்பா தனியே போகிறார். இடக்கையின் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அது அப்படியே இருந்துவிடவும் கூடும் என்றார்கள். காலையில் சேலைக்கு ஊசி குத்த நான் உதவப் போனால் “எனக்கு ஏலும்” என்று கையைத் தட்டிவிடுகிறார். சில நாட்களில் ஏலுகிறது.