ஆறுதலா வரச் சொல்லுங்கோ

எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போட ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. கட்டைவிரல் பருமன், இரண்டு முனையிலும் வளைவு. அது ஒரு ஜீப்பின் ஸ்டெபிலைசர் பார் என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். ஜீப் வளைவில் திரும்பும்போது ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடாமல் முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் கம்பி அது. ஒன்று மேலே ஏறினால் மற்றதையும் கூடவே இழுக்கும். தார்ச் சாலைக்கு அது வேண்டும், காட்டுக்கு ஆகாது. அதைக் கழற்றித் தூர எறியச் சொன்னவர் ஜீப்பின் சொந்தக்காரர், பெரிய கிராணி. எறிய மனம் வராமல் எடுத்து வைத்தவள் நான்.

எண்பதுகளில், தீவையும் கரையையும் இணைக்கும் பாலம் திறந்த புதிது. கரைப்பக்கம் மாக் மண்டினில் எங்களுக்கு வண்டி பழுதுபார்க்கும் ஓர் ஒர்க்‌ஷாப் இருந்தது. கல்யாணமாகித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனிலிருந்து அங்கே வந்தவள் நான். பள்ளியில் பாரம் ஐந்து வரை முடித்திருந்தேன், பக்கத்துச் செபராங் ஜெயாவில் ஏதாவது ஆபீசில் டைப் அடிக்கலாம் என்று ஆசை. மாமனார் ஒரே வார்த்தையில் அதை முடித்துவைத்தார். "நம்ம கடையிலயே உட்காரு, வெளிய எதுக்கு?" அப்படி உட்கார்ந்தவள்தான். தகரக் கூரை, கிரீஸ் வாசம், எதிரே அடுத்த தொழிற்சாலையின் சுவர். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் இருந்த என் அம்மா வீட்டுக்குத் தீபாவளிக்குத் தீபாவளிதான் போவேன். கேட்டால் மாமனார்தான் காரணம் என்பேன். பாதி உண்மைதான் அது.

பெரிய கிராணி தீவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர், அதனால்தான் அந்தப் பெயர்; வீடும் அங்கேதான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. பிள்ளைகள் இல்லை. அவருடைய மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து நடமாட்டம் இல்லாமல் ஆகிவிட்டார். காலையில் எழுந்து சமைத்து, அந்த அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு ஆபீசுக்குப் போவார். சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும், பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு நேரே எங்களிடம் வந்துவிடுவார். அந்த மத்தியானம் மட்டும்தான் அவருடையது.

ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அவருடையது. அது எந்தப் பள்ளத்திலும் நான்கு கால்களையும் தரையில் ஊன்றி ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை என்றால் சோறு வேண்டாம். முதலில் ஸ்பிரிங் கட்டிலிருந்து சில பட்டைகளை உருவினார், வளைந்து கொடுக்கட்டும் என்று. ஸ்பிரிங்கின் நுனியை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் துண்டுகளை எடுத்துவிட்டு நீளமானவற்றைப் போட்டார். குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரும் நீளமாக மாறியது. சக்கரம் அவ்வளவு கீழே இறங்கினால் பிரேக் ஹோஸ் அறுந்துபோகும் என்று அதையும் நீளமாக்கினார். கடைசியாகத்தான் அந்தக் கம்பியைக் கழற்றினார். பின்னால் கொட்டிக் கிடந்த மண்மேட்டில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்துவார்கள். முன்பெல்லாம் இன்னொரு மூலையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். இப்போது மற்ற மூன்றும் மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன.

"கால் நீட்டுது பாருங்க ஐயா!" என்பார் என் வீட்டுக்காரர். பெரிய கிராணி வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குந்தி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அங்கே மட்டும்தான்.

இவ்வளவும் செய்த ஜீப் போனது எங்கே என்கிறீர்கள்? வீட்டிலிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து வீட்டுக்கு. கம்பி இல்லாததால் ஒவ்வொரு வளைவிலும் குடித்தவன் மாதிரி ஆடும். எங்களிடம் வரும்போது பாலத்தில் காற்றடித்தால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாராம். சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு ஜீப் கூட்டம் எங்கள் வாசலில் சேர்ந்து கூலிம் பக்கத்து மலைக்காட்டுக்குப் புறப்படும். "கிராணி, இன்னிக்காவது வாங்க லா!" என்று கூப்பிடுவார்கள். அவரும் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்புவார். சரியாக அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடிக்கும்.

டெலிபோன் மாமனாரின் ராஜ்யம், வேறு யாரும் தொடக் கூடாது. காதில் வைத்து "சரிம்மா, சரிம்மா" என்பார். பிறகு வாசலைப் பார்த்துக் கத்துவார். "கிராணி! வீட்டுல அம்மா ஆறுதலுக்கு ஆள் இல்லாம தவிக்கிறாங்களாம். உடனே வரச் சொல்றாங்க!" பெரிய கிராணி உடனே ஜீப்பைக் கோஸ்தான் எடுத்து, கூட்டத்தின் நடுவிலிருந்து பின்வாங்கி, பாலத்தின் பக்கம் திரும்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்த்தே இராத அந்த அம்மாவை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! ஒருவர் அடைபட்டுக் கிடந்தால் இன்னொருவரையும் சேர்த்துப் பூட்ட வேண்டுமா? அந்த ஜீப் ஒரே ஒரு முறை மலை ஏறிவிட்டால் நானும் எங்கேயோ போய்வந்த மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மாமனார் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீப்புகள் வாசலில் உறுமிக்கொண்டிருக்க டெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மெல்லிய, சிரித்த குரல்.

"பிள்ளை, அவர் அங்கயோ? பக்கத்து வீட்டு அக்கா என்னோட இருக்கிறா எண்டு சொல்லுங்கோ. அவரை ஆறுதலா வரச் சொல்லுங்கோ."

அன்றைக்கு என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "அதான் அந்த அக்கா கூட இருக்காங்களேம்மா. அப்புறம் ஆறுதலுக்கு இவரும் வரணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

 அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ பிள்ளை! ஆறுதலா எண்டா மெல்ல, அவசரமில்லாமல். நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. அவர் பாவம், என்னோடயே அடைபட்டுக் கிடக்கிறார். காட்டைப் பாத்திட்டு, பொழுதுபட்டாலும் பறவாயில்லை, ஆறுதலா வரட்டும்."

 இத்தனை சனிக்கிழமையும் அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தஞ்சாவூரில் பிறந்த என் மாமனார் அந்த ஒரு சொல்லைத் தன் ஊர்த் தமிழில் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டே இருந்திருக்கிறார். மழையில் ஓடினேன். ஜீப்பின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சொன்னேன். "ஐயா, மாமா தப்பா சொல்லிட்டாரு! அம்மா உங்களைச் சீக்கிரம் வரச் சொல்லலை, மெதுவா வரச் சொல்லியிருக்காங்க. போங்கய்யா, மலைக்குப் போங்க!"

அவர் எஞ்சினை அணைத்தார். கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கை காட்டினார். ஜீப்புகள் ஒவ்வொன்றாகப் போய், சத்தம் அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. கல்யாணம் கட்டின நாள் தொடக்கம் அவ என்னைக் கெதியா வாங்கோ எண்டு சொன்னதில்லை. ஐயா பிழையாச் சொல்லுறார் எண்டு முதல் நாளே விளங்கினது."

"அப்புறம் ஏன்யா போகலை?"

"போனால் திரும்பி வர மனம் வராதோ எண்டு பயம்." ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஐயா கூப்பிட்டால் நல்லதாப் போச்சு எண்டு வீட்டை ஓடுவன்."

கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. பஸ்ஸில் ஏறிப் பாலத்தைத் தாண்டினால் அம்மா வீடு. மாமனார் தடுக்காத நாட்களிலும் நான் ஏறாமலேயே இருந்தேன். போனால் திரும்பி வரமாட்டேனோ என்ற அதே பயம்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸ் சட்டை போட்ட ஒரு மனிதர் என் வாசலில் வந்து அதைச் சொல்கிறார். 

"இண்டைக்கு இஞ்சயே கொஞ்சம் இருந்திட்டுப் போகட்டோ?" என்று கேட்டார். பழைய டயர் மேல் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். இருவருமாக மழையிலேயே ஜீப்பை மண்மேட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தபோது மறுபடியும் டெலிபோன்.

"பிள்ளை, அவர் போட்டாரோ?"

நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"போயிட்டாரும்மா. எல்லாருக்கும் முன்னால இவரு ஜீப்புதான் போச்சு" என்றேன்.

"அப்பாடா" என்றார் அந்த அம்மா. அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்பு எந்தக் குரலிலும் கேட்டதில்லை. டெலிபோனை வைத்துவிட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் அவர் புறப்பட்டார். மேட்டுச் செம்மண் ஜீப்பின் கதவு வரைக்கும் அப்பியிருந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். பெரிய கிராணி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"கழுவாதேங்கோ தம்பி. அவ பாக்கட்டும்."