தறிப் பக்கத்துச் சுவர்

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, தறியில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் வலது கை நின்றுவிட்டது. ஊடைநூல் ஓட்டும் நாடாவை இழுக்கும் கயிறு கையிலிருந்து நழுவ, அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். மணி ஏழே முக்கால் என்றும், மின்சாரம் போய்ப் பத்து நிமிடம் என்றும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அலுவலகப் பதிவறையில் பழைய கோப்புகளைக் காத்தே வேலையை முடித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் குறித்துவைக்கும் பழக்கம் போகவில்லை.

வேலூர் மருத்துவமனையில் பதினொரு நாள். வீட்டுக்கு வந்தபோது பேச்சு தெளிவாகவே திரும்பியிருந்தது. வலது கை திரும்பவில்லை. வலது கால் இழுத்துக்கொண்டு வந்தது. இடது கையால் எதையாவது பிடித்துக்கொண்டு தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

ஆரணியில் நெசவாளர் தெரு வீடுகள் எல்லாமே அகலம் குறைந்து நீளமாகப் போகும். வாசலை ஒட்டிய அறையில் அவளுடைய கட்டில். அதைத் தாண்டித் தறிக்கூடம், பிறகு சமையலறை, அதன் முடிவில் இடப்பக்கம் திரும்பி இரண்டு படி இறங்கினால் கொல்லையில் கழிப்பறை. கட்டிலிலிருந்து அதுவரை என் கால்களுக்கு முப்பத்தொன்பது எட்டு. அந்த முப்பத்தொன்பது எட்டையும் ஒரு நாளில் எத்தனையோ முறை அவள் தோளைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். எனக்கும் முதுகு வலி உண்டு. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

சித்திரை வெயிலில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் அவள் பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் மதியம்வரை அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. உதடு வெடித்திருந்தது.

“தண்ணி ஏன் குடிக்கல?”

“குடிச்சா உங்களக் கூப்புடணும். போங்க, வேலயப் பாருங்க.”

அன்று மாலையே சுவரில் கைப்பிடி வைப்பது என்று முடிவு செய்தேன். அவள் யாரையும் கூப்பிடாமல் போய்வர வேண்டும். அப்போதுதான் தண்ணீர் குடிப்பாள்.

மரவேலை எனக்கு ஓய்வுக்குப் பின் வந்த ஆசை. இரண்டு ஸ்டூலும் ஒரு புத்தக அலமாரியும் செய்திருந்தேன். அலமாரி கொஞ்சம் ஆடும். அந்தத் துணிச்சலில் தேக்குச் சட்டம் வாங்கிவந்து கைரம்பத்தால் அறுத்து, வைகாசியில் சமையலறை மூலையில் முதல் இணைப்பைப் பொருத்தினேன். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி. அவள் கையை ஓட்டிப் பார்த்தபோது அந்த இடுக்கு உள்ளங்கைத் தோலைக் கவ்வியது.

“புடிச்சிக்க சொன்னீங்க. இது என்னப் புடிக்குது.”

பழைய வீட்டின் மூலைகள் ஒன்றும் சரியான மூலைகள் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. போளூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் அளவுகளைக் கொண்டுபோனேன். அவர் தன் மிஷினில் நேர்த்தியாக அறுத்துக் கொடுத்தார். வீட்டில் வைத்தால் பொருந்தவில்லை. திரும்ப அளந்தேன், திரும்பப் போனேன். மூன்றாவது முறை அவர் தேநீர் வரவழைத்துவிட்டுச் சொன்னார்:

“மேல ஒரு கோணம், கீழ ஒரு கோணம். உங்க ஊட்டு செவுரு குடிச்சிட்டு நிக்குது சார்.”

“அதுக்கு என்ன பண்றது?”

“மிஷின் செவுத்துகிட்ட இருக்கணும். கொஞ்சம் அறுத்து, வச்சிப் பாத்து, திரும்பக் கொஞ்சம் அறுத்து... அப்பிடித்தான் பண்ணணும். செவுத்த இங்க தூக்கிகினு வர முடியுமா? நீங்களே ஒண்ணு வாங்கிடுங்க. சும்மாதானே கீறீங்க.”

சும்மா இருப்பது என்றால் என்ன என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி மாதம் முழுக்க அவள் தூங்கும் நேரத்தில், சட்டங்களைக் கோணமாக அறுக்கும் மைட்டர் சா மிஷினைப் பற்றிப் படித்தேன். என்ன வேண்டும் என்பது தெளிவாகவே இருந்தது. கொல்லைப் பக்கம் திரும்பும் மூலையில் கைப்பிடி பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும், படியோடு கீழேயும் சரிய வேண்டும். சட்டத்தைக் கோணமாக வைத்து அறுப்பது போதாது. அதே அறுப்பில் பிளேடும் சாய வேண்டும். அதற்குத்தான் காம்பவுண்ட். சமையலறை வாசற்படியில் அவள் கால் தடுக்காமலிருக்க ஒரு சரிவுப் பலகை வேண்டும். அது ஓரடி அகலம். பிளேடு முன்னும் பின்னும் ஓடினால்தான் அந்த அகலத்தை ஒரே ஓட்டத்தில் அறுக்க முடியும். அதற்கு ஸ்லைடிங். இந்த இரண்டு வரியோடு நோட்டை மூடியிருக்கலாம். நான் பதினேழு பக்கம் எழுதினேன். எந்த மாடலில் எத்தனை பல், எதற்கு எவ்வளவு எடை, எதில் தூசிப்பை வெறும் பேருக்கு இருக்கிறது என்றெல்லாம். வாங்கியவர்களில் ஒருவர் மிக நல்லது என்று சொன்னதை இன்னொருவர் தொடாதே என்று சொன்னார். அதையும் எழுதினேன்.

“பொண்ணு பாக்கறவங்ககூட இத்தினி கேள்வி கேக்கமாட்டாங்க,” என்றாள் அவள். “என்னப் பாக்க வந்தப்ப ஒரு கேள்விகூடக் கேக்கல நீங்க.”

“அப்ப நோட்டு இல்ல.”

சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

பிறகு ஆடி வந்தது. ஆடியில் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்றாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உடனே ஒத்துக்கொண்டேன். ஒரு மாதம் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பது அப்போது எனக்கு விடுமுறைபோல இருந்தது. அந்த மாதமும் சொம்பு பாதிக்கு மேல் காலியாகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஆவணி முதல் திங்கட்கிழமை, எதிர் வீட்டுப் பெண்ணை அவளுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். கடையை நடத்தியது ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன வேல பண்றீங்க சார்? கதவா, கப்போர்டா?”

“கைப்பிடி. செவுத்துல.”

“கைப்பிடிக்கு எதுக்கு ஸ்லைடிங்? சின்னதே போதுமே. தூக்கவும் ஈசி.”

விற்கிறவரே சின்னது போதும் என்று சொன்னது என் பதினேழு பக்கத்தில் எங்கும் இல்லை. சரிவுப் பலகையைப் பற்றிச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, மூன்று மிஷின்களை மேசையில் வரிசையாக வைத்தார்.

“பிளேடு இருக்கற தலய முழுசா வெளிய இழுத்துகினு, பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க.”

ஆட்டினேன். முதலாவது அசைந்தது. பெரிய அசைவில்லை, ஆனால் கைக்குத் தெரிந்தது. இங்கே மயிரிழை ஆடினால் அங்கே தீக்குச்சி நுழையும். இரண்டாவது ஆடவே இல்லை. ஆனால் தலையைத் தாங்கும் தண்டுகள் பின்பக்கம் நீண்டு வந்தன.

“இதுக்குப் பின்னாடி ரெண்டடி எடம் உடணும் சார். உங்க ஊட்ல இருக்குதா?”

“தறி ஊடு.”

“அப்ப வேணாம். ஆரணி ஊடு எனக்குத் தெரியும். எங்க அக்காவ அங்கதான் குடுத்திருக்குது.”

மூன்றாவதில் தண்டுகள் அசையாமல் நின்றன. தலை மட்டும் அவற்றின்மேல் ஓடியது. சுவரை ஒட்டி வைக்கலாம். பத்து இன்ச் பிளேடு. துண்டுச் சட்டம் ஒன்றை நாற்பத்தைந்தில் இரண்டாக அறுத்துச் சேர்த்து மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே போகவில்லை. அறுபது பல் பிளேடாக மாற்றித் தரச் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு மாதமாக நான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த விஷயம்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்க விட்டார்கள். கண்டக்டர் அதைக் காலால் லேசாகத் தட்டி, “பெரியவரே, தையல் மிஷினா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணமங்கலம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

வேலை மூன்று வாரம் நடந்தது. சமையலறைக்கும் கொல்லைக்கும் இடையில் மிஷினை வைத்தேன். ஒரு மூலைக்கு ஒன்பது முறை அறுத்தேன். ஒவ்வொரு முறையும் காகிதத்தின் கனம்தான் குறைத்தேன். அவள் கட்டிலிலிருந்தே எண்ணினாள்.

“ஒம்போது. மரம் மிஞ்சுமா?”

சரிவுப் பலகையும் ஆயிற்று. உப்புத்தாள் போட்டு, கடைசி இணைப்பின்மேல் என் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டால் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை அவள் தனியாக நடந்தாள். இடது கை கைப்பிடியில் வழுக்கிக்கொண்டு போக, வலது காலை இழுத்து இழுத்துத் தறிக்கூடத்தைத் தாண்டினாள். சமையலறையில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். மூலையில் கை தடுக்காமல் திரும்பியது. படி இறங்கினாள். நான் பின்னாலேயே போகக் கூடாது என்று உத்தரவு. அவளுடைய எட்டுகளை மட்டும் எண்ணினேன். எண்பத்து நான்கு.

உள்ளே போய்வந்து, திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க.”

“என்னம்மா?”

“போறதுக்கு வச்சீங்க. நான் எப்பிடித் திரும்பி வர்றது?”

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தேன். வாசலைப் பார்த்துத் திரும்பியதும் கைப்பிடி அவளுடைய வலது பக்கம் போய்விட்டது. செயல்படாத கையின் பக்கம். இடது பக்கச் சுவரில் ஒன்றுமில்லை. தறிக்கூடம் வந்தால் அங்கே சுவரே தெரியாது. தறி நிற்கிறது.

பதினேழு பக்கத்தில் ஒரு சுவர்தான் இருந்தது. எங்கள் தெருவில் தறிப் பக்கத்துச் சுவரை யாரும் சுவராக எண்ணுவதில்லை. ஆணி அடிப்பது, காலண்டர் மாட்டுவது, அலமாரி வைப்பது எல்லாம் எதிர்ச் சுவரில்தான். வெள்ளையடிக்கிறவர்கூட “செவுரு எத்தினி அடி?” என்று கேட்டால் ஒரு பக்கத்தைத்தான் சொல்வோம். தறி இருக்கும் பக்கம் தறிக்கு. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தோடுதான் அளவு நாடாவையும் பிடித்தேன்.

அவள் தோளைத் தாங்கிக் கட்டிலுக்குக் கூட்டிவந்தேன். அன்றைய குறிப்பில் தேதிக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

தறியில் நெய்வதற்கு ஏற்றிய பாவுநூல் இல்லை. பட்டு கொடுத்தவர் பங்குனியிலேயே அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெறும் சட்டங்கள் நின்றன. நான் அவற்றின்மேல் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இருந்தாலும் எடுத்துவிடலாம் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. அவளும் சொல்லவில்லை. கைத்தடியைப் பிடித்து வரலாமா என்று பார்த்தோம். சரிவுப் பலகையில் தடி வழுக்கியது. கொல்லைவரை தனியாகப் போவாள், அங்கிருந்து கூப்பிடுவாள், நான் போய் அழைத்துவருவேன். பாதி வேலைதான் குறைந்தது. அந்த மீதிப் பாதிக்காகச் சொம்பும் பாதியிலேயே நின்றது. இப்படிப் பதினாறு நாள்.

பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலிலிருந்தே தெருவைப் பார்த்து எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது கேட்டது.

“ஏம்மா, இன்னொரு தறி போடணும்னு சொல்லிகினு இருந்தியே? வந்து இத எடுத்துக்கினு போ.”

“அக்கா... உங்க தறியா?”

“பின்ன யாருது? ஜல்தியா வா. அவரு மனசு மாறிடப்போறாரு.”

மாறக்கூடிய மனசு என்னுடையது என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை.

மாலை எதிர் வீட்டுப் பெண்ணும் அவள் கணவரும் வந்து தறியைப் பிரித்தார்கள். அவள் கட்டிலை விட்டு எழுந்து, கைப்பிடியைப் பிடித்தபடி தறிக்கூடத்தில் நின்று பார்த்தாள். எந்த ஆணியை முதலில் எடுக்க வேண்டும் என்று இரண்டு முறை திருத்தினாள். நெய்த சேலையைச் சுற்றும் படுமரத்தை வெளியே தூக்கும்போது, “தலகீழா புடிக்காத” என்றாள். அவர்கள் போனபின் சுவர் முழுதாகத் தெரிந்தது. வெள்ளை படாத, பழுப்பேறிய நீண்ட சுவர். அதன் கீழே அவள் கால் வைத்திருந்த குழி.

குழியை மூட ஓரடி அகலத்தில் ஐந்து பலகை வேண்டியிருந்தது. மிஷின் தலையை இழுத்து இழுத்து ஐந்தையும் ஒரே நாளில் அறுத்தேன். குழியின் விளிம்பும் கோணல்தான். இரண்டாவது கைப்பிடிக்கு ஒன்பது நாள் ஆனது. இந்த முறை அளக்கும்போது அவளை நாற்காலியில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு இணைப்பிலும் அவள்தான் கை ஓட்டினாள். ஒன்றில் “இங்க இருக்குது” என்றாள். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரித்துத் திரும்ப அறுத்தேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்டிருந்த காலை, அவள் போய் வந்தாள். போகும்போது எண்பத்து நான்கு, வரும்போது தொண்ணூற்றிரண்டு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். குழியை மூடிய பலகைகளின்மேல் வந்தபோது கொஞ்சம் மெதுவாக வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. காலியான சொம்பை என்னிடம் நீட்டினாள்.

“இன்னொண்ணு,” என்றாள். “அந்த நோட்ட வச்சிட்டு வாங்க.”