அப்பா புகைத்த மழைப் புத்தகம்

என் முதல் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தை என் அப்பா கிழித்துக் கிழித்துப் புகைத்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் அது. மலாயாவில், குருணுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டிப் பால் எடுப்பது நின்றுபோய், எல்லோரும் மரவள்ளி நட்டுத் தின்றுகொண்டிருந்தோம். அரிசி இல்லை, துணி இல்லை. புகையிலை மட்டும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அப்பா தானே வளர்த்திருந்தார். சுருட்டத் தாள் கிடைக்கவில்லை. ஓடிப்போன துரையின் பங்களாவில் அவர் தோட்டக்காரராக இருந்தவர். அங்கே கேட்பாரற்றுக் கிடந்த தடித்த பேரேட்டைத் தூக்கி வந்துவிட்டார்.

அது துரையின் மழைப் புத்தகம். பங்களாப் புல்வெளியில் ஒரு செப்புக் குழாய் நட்டிருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அதில் சேர்ந்திருக்கும் முந்தின நாள் மழையை அப்பா கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து சொல்வார். துரை எழுதிக்கொள்வார். மதியம் பாதரசக் குழாயைப் பார்த்துச் சூட்டையும், மாலையில் அன்றைய வானத்துக்கு ஒரே ஒரு சொல்லையும் எழுதுவார். அத்தனை வருஷத்து வானமும் அதில் வரிசையாக இருந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்துப் பள்ளியில் இங்கிலீஷ் எழுத்தும் மாதப் பெயர்களும் சொல்லித் தந்திருந்தார்கள், அவ்வளவுதான். 'டிரிசில்' என்று எழுத்துக்கூட்டுவேன். அது தின்பதா உடுப்பதா என்று தெரியாது. இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவரோ ஜப்பான்காரனுக்குப் பயந்து, அந்தப் பாஷையைக் கேட்டதே இல்லை என்பதுபோல் நடமாடிக்கொண்டிருந்தார்.

என் பழைய பள்ளி நோட்டுகள்தான் வழி காட்டின. அவற்றில் நாள்தோறும் இங்கிலீஷ் தேதி போட்டிருந்தேன், லீவு நாட்கள் உட்பட. ஒரு தீபாவளிக்குப் புதுப் பாவாடையின் சாயமெல்லாம் சேற்றில் கரைந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தத் தேதியைப் பேரேட்டில் தேடினேன். 'ஹெவி ரெயின்' என்று இருந்தது. தீமிதி அன்று தூறலில் நெருப்புப் பிடிக்காமல் பூசாரி விசிறி விசிறிக் கை ஓய்ந்தாரே, அந்த நாளில் 'டிரிசில்'. இடி விழுந்து தென்னை பிளந்த நாளில் 'தண்டர்'. ஜெராய் மலை இருக்கும் இடமே தெரியாமல் போன காலையில் 'மிஸ்ட்'. சாக்கைப் போர்த்திக்கொண்டு ஜனங்கள் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நின்ற மார்கழியில் 'கூல்'.

எங்கள் பெயர்கூடத் தெரியாத மனிதர் துரை. தீபாவளி என்றால் என்னவென்று கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் என் பாவாடையை நனைத்த மழையை அங்குலக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்! எங்கள் நாட்கள் எங்களுக்கே தெரியாமல் வேறொரு பாஷையில் பத்திரமாக இருந்தன. நான் படித்து முடித்த மாதத்தை மட்டுமே புகைக்கலாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, ஜனவரியிலிருந்து புகைக்க ஆரம்பித்தார்.

நெடுநாள் பிடிபடாத சொல் 'ஃபைன்'. பக்கத்துக்குப் பத்துத் தடவை வந்தது, ஆனால் எந்த ஞாபகத்திலும் ஒட்டவில்லை. நல்ல நாளை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? பந்தல்கூடப் போடாமல் வெட்டவெளியில் நடந்த ஒரு லயத்துக் கல்யாணத்தின் தேதியைப் பேரேட்டில் பார்த்த பிறகுதான், அது மழையில்லாத வெயில் நாள் என்று விளங்கியது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். எட்டு மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டான். நான்கு வருஷமாக அம்மாவின் வாயில் ஒரே பேச்சு. "தூறல்ல தூக்கிட்டுப் போயி ஆயாக் கொட்டகையில விட்டேனே. ஒருநாள் பேருக்கு ஆசப்பட்டு எம்புள்ளயக் கொன்னுட்டேனே." வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலி கிடையாது. அதனால்தான் அவனைத் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள். அப்பா எத்தனையோ சொல்லிப் பார்த்தார், அவள் காதில் ஏறவில்லை.

பேரேட்டில் அந்த மாதம் வந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து சாவுச் சீட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். அம்மா அவனைத் தூக்கிப்போனதும் காய்ச்சல் கண்டதும் அதற்கு மூன்று நாள் முன்னால். பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. 'டிரிசில்' என்று இருந்துவிட்டால் அம்மாவின் பழியை நானே எழுத்தில் உறுதி செய்தவளாகிவிடுவேன். அப்பாவிடம் சொன்னேன்.

"தூறல்னு இருந்திச்சின்னா வாயத் தொறக்காத. தாள எங்கிட்டக் குடு, நான் இழுத்துட்றேன்" என்றார்.

திருப்பினேன். 'ஃபைன்'. மழை பூஜ்யம். விடியலில் தூறியிருந்தால் முந்தின நாள் கணக்கில் சேரும் என்று அதையும் பார்த்தேன். அதுவும் பூஜ்யம்.

அம்மா வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். பேரேட்டோடு போய்ச் சொன்னேன். கத்தியை நிறுத்தவில்லை.

"வெள்ளக்காரனுக்கு என்னா தெரியும்? நல்லாத் தூங்கியிருப்பான்."

"அளந்தது நான்டி. கொழாயில சொட்டுத் தண்ணி கெடையாது. அதத்தான் எழுதியிருக்கான்" என்றார் அப்பா.

கத்தி நின்றது. "அடக்கம் பண்ணமே, அன்னைக்கி?"

"ஹெவி ரெயின். மூனு அங்குலம்மா."

அன்று குழிக்குள் தண்ணீர் நின்றது எனக்கும் ஞாபகம் இருந்தது. அந்த மழையைத்தான் அம்மா மூன்று நாள் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு தன்னைத் தண்டித்திருக்கிறாள். மரவள்ளிப் பால் காய்ந்த விரலால், படிக்கத் தெரியாத அந்த 'ஃபைன்' என்ற சொல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ள மேல வெயிலு பட்டுச்சா, ஆயி?" என்று என்னைக் கேட்டாள்.

"பட்டுச்சிம்மா. மத்தியானச் சூடு எம்பத்தெட்டு."

முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான்கு வருஷமாகத் தன்னைத் திட்டித் திட்டி அழுதவள், அன்றுதான் பிள்ளையை மட்டும் நினைத்து அழுதாள்.