நான் குப்பையில் போட்ட கேலக்ஸிகள்

இதை எழுத ஐந்து வருடம் தயங்கினேன். வாரா வாரம் சந்தை, லொறி, மழை என்று ஏதேதோ எழுதுகிறவன்தான். இதை மட்டும் தள்ளிப்போட்டேன்... வெட்கம்! போன வாரம் மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "வாப்பா, ஊர்ப் பிழையெல்லாம் எழுதுறீங்க. உங்க பிழைய எப்ப எழுதுவீங்க?"

எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வீடு மாத்தளையில், தொழில் தம்புள்ளைச் சந்தையில் தக்காளி தரம் பிரித்து அனுப்புவது. மகள் அப்போது கெம்பஸில் கடைசி வருடம். கேலக்ஸிப் படங்கள் ஆயிரத்தை வகை பிரித்து ஆய்வு ஒன்று கொடுக்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் அவளுக்கு இரண்டு வாரம் போய்விட்டது. படம் பிரிக்க வீட்டாரிடம் உதவி கேட்க, படிப்பிக்கும் சேரிடம் அனுமதி வாங்கியிருந்தாள்.

கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டமாம். நீலச் சுருளாக இருந்தால், அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. சிவந்த உருண்டையாக இருந்தால், பெரும்பாலும் பழையவை. நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே அவை எப்படி மாறி வந்தன என்று படிக்கலாமாம். சுப்ஹானல்லாஹ்!

"நீலச் சுருள் ஒரு ஃபோல்டர், சிவப்பு உருண்டை ஒரு ஃபோல்டர். ரெண்டுலயும் சேராதத தனியா வைங்க. படமே கெட்டுப்போயிருந்தா மட்டும் குப்பைல போடுங்க வாப்பா."

"இவ்வளவுதானா? தக்காளிய விட லேசு!"

பிஸ்மில்லாஹ் சொல்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூன்று நாளில் ஆயிரம் படம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், மகள் முகம் வாடியிருக்கிறது.

"தனியா வைக்கச் சொன்னதுல ஒண்ணுமே இல்லையே வாப்பா? கோணலா, வால் நீண்டு, ஒண்ணோட ஒண்ணு மோதுற மாதிரி..."

"அதெல்லாம் அடிபட்டதுதானே மகள்? குப்பைல போட்டேன்."

சந்தையில் கோணல் தக்காளி முதல் தரக் கூடைக்குப் போகாது. கை தானாக ஒதுக்கும். கண்ணும் அப்படியே ஒதுக்கிவிட்டது. ஆனால் அவளுக்கு முக்கியமாக வேண்டியதே அந்தக் கோணல்தான். இரண்டு சுருள்கள் மோதிக் கலந்துதான் சில உருண்டைகள் உண்டாகின்றனவாம். மாற்றம் நடக்கிற இடத்தையே நான் குப்பை என்றிருக்கிறேன்!

மனைவி சிரித்தாள். "தக்காளி பொறுக்குற கண்ணால வானத்தப் பொறுக்கினா இப்படித்தான்!"

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். "விடுங்க வாப்பா. இருக்கிற ரெண்டு ஃபோல்டர வச்சே எழுதிடுறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். நம்மளப் படைச்ச ரப்புக்குத் தெரியும்."

சனிக்கிழமை லொறி ஏற்ற எனக்குப் பதிலாக வேறு ஆள் வைத்தேன். சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்தவன், குப்பையை மட்டுமல்ல – ஆயிரத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். ஒரு தடவை ஏமாந்த கண்ணை எப்படி நம்புவது? பக்கத்தில் மகள், ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஞாயிறு மாலை மஃரிப் பாங்குக்கு முடிந்தது. கோணல்கள் மட்டும் நூற்றுக்கு மேல்!

அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வரி: 'என் தந்தை முதலில் தரம் பிரித்ததில் பிழை இருந்தது, எல்லாப் படங்களும் மீண்டும் பார்க்கப்பட்டன.'

"மகள்... அந்த வரி வேணுமா?"

"நீங்கதானே சொன்னீங்க, ரப்புக்குத் தெரியும்னு?"

வரி அப்படியே இருந்தது. அவள் பாஸானாள், அல்ஹம்துலில்லாஹ்.

இதை உங்கள் பிள்ளைகளிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள் – என் பிழை கோணலாகத் தெரிகிறதே என்று அதைப் பொறுக்கி வெளியே போட்டுவிடாதீர்கள்.