பள்ளத்தில் உட்கார்ந்த கிளிசரின்

அச்சில் பெயர் வந்தால்தான் ஒருத்தி வேலை பார்த்தாள் என்று ஆகுமா? பத்தொன்பது வருஷம் குளிரறையில் நின்று புரதம் பிரித்தெடுத்த அந்த ஆய்வுக்கூட உதவியாளரின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பேராசிரியருக்கு அது காதில் விழவில்லை. அவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

குளிரறை என்பது ஆள் நடமாடும் அளவுக்கு ஒரு ஃபிரிட்ஜ். நான்கு டிகிரி. ஸ்வெட்டரும் இரண்டு ஜோடி சாக்ஸுமாக உள்ளே நிற்பாள். கணவருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் தொழில். "நான் வெளிய நின்னு சம்பாதிக்கிறேன், நீ உள்ள நின்னு சம்பாதிக்கிற. நமக்கு நடுவுல தக்காளிதான் நிம்மதியா இருக்கு" என்பார்.

அவள் பிரித்தெடுத்தது, செல்லின் சவ்வில் கதவு மாதிரி இருந்து சர்க்கரையை உள்ளே விடும் ஒரு புரதம். அது எப்படித் திறந்து மூடுகிறது என்று அணு அணுவாகப் பார்த்துவிட வேண்டும் என்பது பேராசிரியரின் ஆசை. புரதத்துக்கு அப்படி ஓர் ஆசையும் கிடையாது. கொஞ்சம் சூடு பட்டால் பால் மாதிரி திரிந்துவிடும். முனைவர்கள் கையில் திரிந்தது. பெரிய இடத்தில் பயிற்சி பெற்று வந்தவர்கள் கையில் இன்னும் சீக்கிரம் திரிந்தது. இவள் கையில் மட்டும் தெளிந்து நின்றது.

ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் தொழில்நுட்ப உதவிக்கு நன்றி என்று ஒரு வரி வரும். மின்சாரத்தையும் அதே வரியில் சேர்த்திருக்கலாம். அவளுக்கு வேண்டியது தலைப்புக்குக் கீழே, எழுதியவர்கள் வரிசையில் ஓர் இடம். ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றார் பேராசிரியர். பதினோரு வருஷம் பார்த்தார்.

அந்தப் பதினோராவது வருஷம் புரதம் நல்ல படிகமாக உறைந்தது. எக்ஸ் கதிர் படத்தில், சர்க்கரை உட்கார வேண்டிய பள்ளத்தில், யாரும் எதிர்பாராத ஒரு சின்னத் திட்டு. பேராசிரியர் எல்லோரையும் கூட்டி வைத்து அறிவித்தார்: செல்லே தயாரித்து அனுப்பும் புது மூலக்கூறு, கதவைப் பிடித்திருக்கும் காவல்காரன்! பூரிப்பில் கை தாராளமாகி, கட்டுரையின் ஏழாவது ஆளாக அவள் பெயரும் ஏறிவிட்டது.

நகலை வாங்கியவள் முதலில் பெயரைப் பார்த்தாள். பிறகுதான் படத்தைப் பார்த்தாள். குளிரறை இயந்திரம் மக்கர் செய்த வாரத்தில், புரதம் திரியாமலிருக்கக் கரைசலில் கிளிசரின் ஊற்றியவள் அவள்தான். நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். நோட்டை யாராவது படிப்பார்கள் என்று நம்ப அவள் வேலைக்குப் புதுசா என்ன?

வீட்டில் சொன்னாள்.

"பேசாம இரு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் வந்திருக்கு" என்றார் கணவர்.

"அது காவல்காரன் இல்லைங்க. நான் ஊத்துனது."

"ஊத்துனவ பேரும் அதுல இருக்குல்ல. அப்புறம் என்ன?"

மறுநாள் காலையில் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தத் திட்டு கிளிசரினா இருக்கும்னு தோணுது."

"என்னம்மா உளர்றீங்க? கிளிசரின் எங்கிருந்து வரும்?"

"என் கையிலேருந்து சார். நோட்டுல நாப்பத்திரெண்டாம் பக்கம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் சார். பார்க்கலாம்மான்னீங்க."

கிளிசரின் இல்லாமல் மறுபடி பிரித்தெடுக்க மூன்று வாரம் பிடித்தது. முக்கால்வாசி திரிந்தது. மிச்சம் உறைந்தது. பள்ளம் காலியாக இருந்தது. பேராசிரியர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் காவல்காரனை வேலையை விட்டுத் தூக்கினார். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம்.

கட்டுரை சிறுத்துப்போனது. பெரிய பத்திரிகைக்குப் போக இருந்தது சின்னப் பத்திரிகைக்குக் கிளம்பியது. பள்ளம் காலி, கிளிசரின் ஏமாற்றும், ஜாக்கிரதை என்பதுதான் மொத்தச் சேதி. அதில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. பத்தொன்பது வருஷம் தெளிந்து நின்ற புரதத்துக்கு வராத இடம், ஊற்றிய கிளிசரினுக்கு வந்திருந்தது.

"இப்பவாவது சந்தோஷம்தானேம்மா?" என்று பேராசிரியர் நகலை நீட்டினார்.

நின்றபடியே முழுக்கப் படித்தாள். கிளிசரின் நூற்றுக்கு ஐந்து என்றிருந்ததைப் பத்து என்று திருத்தினாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, தன் பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள்.

பேராசிரியர் இரண்டு தடவை ஏன் என்று கேட்டார். கணவர் வருஷக்கணக்கில் கேட்டார். அவள் அன்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.